துணை கொடுத்த கார்பன் அல்ல

வத்சு, என் கண்ணே,

முதலில் சேதி, மற்றதெல்லாம் பிறகு. உன் நட்சத்திரம் அசையவில்லை. ஐந்து பதிவுகளையும் முதலிலிருந்து பார்த்துவிட்டேன். ஐந்திலும் ஒரே வேகம்தான். நீ சொன்னது சரி. தப்பு என்னுடையது.

இதை உன்னிடம் மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க எனக்கும் ஆசைதான். முடியவில்லை. ஊரறிய எழுத வேண்டிய இடத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிற மாதிரி சில இடங்களில் இருக்கும். பொறுத்துக்கொள். கடைசி பெஞ்சுக்காகப் பாடத்தை இரண்டாம் தடவை நடத்துவது உனக்கும் பழக்கம்தானே.

நீ என் நாத்தனார். ஸ்ரீவராகத்தில் இதே வீட்டில் பதினாறு வருஷம் ஒன்றாக இருந்தோம். நீ ஒரு கல்லூரியில் இயற்பியல், நான் வேறொரு கல்லூரியில் கணக்கு. சாயங்காலம் காப்பி ஆனதும் சாப்பாட்டு மேஜையில் உன் லேப்டாப்பைத் திறப்பாய். எங்கெங்கோ உள்ள பெரிய தொலைநோக்கிகள் பதிவு செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருக்கும் நிறமாலைகளை இறக்கிப் பார்ப்பாய். நிறமாலை என்றால் நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்து நீட்டிய பட்டை. அதில் எந்தெந்த இடத்தில் ஒளி குறைந்து கோடு விழுகிறதோ, அதை வைத்து எந்தத் தனிமம் எவ்வளவு என்று கணக்கிடலாம். மேஜையின் மறுபாதியில் நான் விடைத்தாள் திருத்துவேன். நடுவில் ஊறுகாய் ஜாடி. உன் ஆய்வகம் அவ்வளவுதான்.

எதிர்வீட்டு மாமி கேட்டது நினைவிருக்கிறதா?

“ஏண்டி வத்சலா, நீ ஆராயற நட்சத்திரம் அஸ்வதியா பரணியா?”

“இருபத்தேழுலயும் வராது மாமி.”

“அப்போ அதுக்கு ஜாதகம் எப்படி எழுதறதாக்கும்?”

“அது பொறந்தப்போ பிரபஞ்சத்துல இரும்பே கிடையாது மாமி. எழுத்தாணிக்கு எங்க போறது?”

மாமி விடவில்லை. “இரும்பில்லாம பின்ன என்னதான் இருக்கு அதுல?” என்றாள். “கரி” என்றாய். மாமி என்னைப் பார்த்து, “இவளுக்குச் சீக்கிரம் ஒரு வரன் பாருங்கோ” என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். மாமி சிரித்தது வேறு காரணத்துக்காக.

கரி என்று நீ சொன்னது கேலிக்கு இல்லை. அந்த நட்சத்திரத்தில் இருக்கும் இரும்பு, சூரியனில் இருப்பதில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான். அவ்வளவு பழையது அது. பிரபஞ்சத்தில் முதல் முதலில் தோன்றிய பெரிய நட்சத்திரங்கள் வெடித்துச் சிதறிய பிறகு, மிச்சமிருந்த வாயுவிலிருந்து உருவானது. ஆனால் இரும்பு இல்லாத அதே நட்சத்திரத்தில் கார்பன் மட்டும் கொட்டிக் கிடந்தது. ஏழை வீட்டில் ஒரே ஒரு அறை முழுக்கப் பட்டுப்புடவை அடுக்கியிருந்தால் யாருக்கும் கேள்வி வரும். இது எங்கிருந்து வந்தது? யார் கொடுத்தது?

இரண்டு பதில்தான் இருந்தது. ஒன்று, பக்கத்தில் ஒரு துணை நட்சத்திரம் இருந்திருக்க வேண்டும். அது முதுமையில் வீங்கித் தன் கார்பனை இதன் மேல் கொட்டிவிட்டு ஒடுங்கியிருக்க வேண்டும். இன்னொன்று, துணையே கிடையாது. முதல் நட்சத்திரம் ஒன்று வெடித்தபோது அதன் உள்ளே இருந்த இரும்பு திரும்ப உள்ளேயே விழுந்துவிட்டது, மேலே இருந்த கார்பன் மட்டும் தப்பி வந்தது. அந்தக் கார்பனோடுதான் இது பிறந்தது.

எது என்று சொல்ல ஒரு சாட்சி உண்டு: பேரியம். துணை கொட்டிய கார்பன் என்றால் கூடவே பேரியமும் வந்திருக்கும். இரண்டும் ஒரே அடுப்பில் வேகிறவை. நீ தேடினாய். பேரியம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் கூட இல்லை.

தேடினாய் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். நீ அதற்குப் பட்ட பாடு எனக்குத் தெரியும். கார்பன் மிகுந்த நட்சத்திரத்தின் நீலப் பக்கம் முழுக்கக் கோடுகள் நெருக்கியடித்து நிற்கும். ஒளி குறையாத மேல்மட்டம் எது என்றே தெரியாது. மென்பொருளிடம் விட்டால் பள்ளங்களின் நடுவிலேயே மேல்மட்டத்தை வரைந்துவிடும். அதனால் நீ கையால் வரைந்தாய். இன்று ஒரு தடவை. நாளை, இன்று வரைந்ததைப் பார்க்காமல் இன்னொரு தடவை. ஒரு வாரம் விட்டு மறுபடியும். ஐந்து தடவை வரைந்த பிறகு ஐந்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பாய். முடியிழை அளவு விலகினால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாய். வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

இனி என் பங்கு.

துணை இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு வழி, நட்சத்திரத்தின் வேகம். துணை இருந்தால் அது இழுக்கும். நட்சத்திரம் ஒரு சமயம் நம்மை நோக்கியும் இன்னொரு சமயம் விலகியும் ஆடும். அந்த வேகங்களைக் கணக்கிடும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். உனக்குக் கல்லூரியில் தேர்வுப் பொறுப்பு, எனக்கு லீவு. ஒரு திருத்தம் மட்டும் செய்ய வேண்டும். பூமியே சூரியனைச் சுற்றி நொடிக்கு முப்பது கிலோமீட்டர் ஓடுகிறது. ஸ்கூட்டரில் கிழக்கேகோட்டைக்குப் போகும்போது எதிரே வரும் பஸ் அதிக வேகத்தில் வருவதாகத் தோன்றுமே, அந்த மாதிரி. நம் ஓட்டத்தைக் கழித்தால்தான் நட்சத்திரத்தின் ஓட்டம் தெரியும்.

கழித்தேன். ஐந்திலும் கழித்தேன். அதுதான் தப்பு. மூன்று பதிவுகள் ஒரு தொலைநோக்கியில் எடுத்தவை, இரண்டு இன்னொன்றில். அந்த இரண்டில் பூமியின் ஓட்டத்தை அவர்களே கழித்துவிட்டுத்தான் பொதுவில் வைத்திருந்தார்கள். கோப்பின் தலைப்பில் ஒரு வரியில் அப்படி எழுதியும் இருந்தது. நான் படிக்கவில்லை. இரண்டாம் தடவை கழித்துவிட்டேன். அந்த இரண்டும் மற்ற மூன்றிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் விலகி நின்றன. நட்சத்திரம் ஆடுகிறது என்று உன்னிடம் வந்து சொன்னேன்.

நீ உடனே கேட்டாய்: “காத்துக் கோடுகள் பார்த்தேளா மன்னி?”

தரையில் இருந்து எடுத்த எந்த நிறமாலையிலும் நம் காற்றின் கோடுகளும் விழும். நட்சத்திரத்தின் ஒளி கடைசியில் நம் ஆக்ஸிஜன் வழியாகத்தானே இறங்க வேண்டும். அந்தக் கோடுகள் தம் இடத்தில் நின்றால் பதிவில் யாரும் கை வைக்கவில்லை. இடம் மாறி நின்றால் ஏற்கெனவே திருத்தியாயிற்று. இரண்டு நிமிஷ வேலை.

“பார்த்தேன்” என்றேன்.

பார்க்கவில்லை, வத்சு. கணக்கில் என்னையே சந்தேகப்படுகிறாளே என்று ஒரு சுருக்கென்ற கோபம். அவ்வளவுதான். நீ தலையாட்டினாய். மன்னி பார்த்தேன் என்றால் பார்த்ததுதான் என்பது உன் கணக்கு.

உன்னோடு சேர்ந்து எழுதிய பேராசிரியர் என் எண்களைப் பார்த்ததும் முடிவு கட்டிவிட்டார். துணை இருக்கிறது, கார்பன் துணை கொடுத்தது. பேரியம் இல்லை என்பது வத்சலா கையால் வரைந்ததால் வந்த கோளாறு, மேல்மட்டத்தைத் தாழ்வாக வரைந்து பேரியத்தை மறைத்துவிட்டாள் என்றார். ஸ்பீக்கர் போனில் நீ சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. “ஒரு வீட்ல ரெண்டு பேர் இருந்தா ஒருத்தர் சமைச்சதைத்தான் இன்னொருத்தர் சாப்பிடணும்னு இருக்கா சார்?” அவர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. பிறகு பணிந்துவிட்டாய். என் எண்களை நம்பித்தான் பணிந்தாய். கட்டுரை வந்தது. அட்டவணையில் உன் பேரியத்துக்குப் பக்கத்தில் ‘நம்பகமற்றது’ என்று ஒரு அடிக்குறிப்பு. கடைசி வரியில், கணக்கீட்டில் உதவியதற்காக எனக்கு நன்றி.

இரண்டு வருஷம் கழித்து அந்த மழையில் தெருவில் தண்ணீர் ஏறியது. நீ முழங்கால் தண்ணீரில் நடந்து கல்லூரிக்குப் போனாய். எலிப்பனி, எலிக்காய்ச்சல், என்று டாக்டர் சொல்வதற்குள் சிறுநீரகம் நின்றுவிட்டது. ஆறே நாள். அதைப் பற்றி இங்கே மேற்கொண்டு எழுத மாட்டேன்.

இரங்கல் கூட்டத்தைப் பற்றி எழுதுவேன். பேராசிரியர் வந்திருந்தார். “நான் காட்டிய வழியில் வத்சலா ஒழுங்காக நடந்தாள்” என்றார். வேறொருவர், அண்ணன் வீட்டில் இடம் கொடுத்து ஆதரித்ததைப் பாராட்டினார். இன்னொரு அம்மாள் என் கையைப் பிடித்து, கணக்கெல்லாம் நீங்கள்தான் போட்டுக் கொடுப்பீர்களாமே என்றாள். வழி அவருடையது, வீடு உன் அண்ணாவுடையது, கணக்கு என்னுடையது. அப்படியானால் உனக்கு என்னதான் சொந்தம்? மேடைக்குப் போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் வடையையும் காப்பியையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் என் மாணவிகளுக்குப் பயிற்சியாக நிஜமான எண்கள் வேண்டும் என்று உன் லேப்டாப்பைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே மழை. பாடத்துக்காகத்தானே, முறையாகக் காட்டுவோம் என்று காற்றுக் கோடுகளில் தொடங்கினேன். மூன்று பதிவுகளில் அவை தம் இடத்தில் நின்றன. இரண்டில் நகர்ந்திருந்தன. எவ்வளவு நகர்ந்திருந்தன என்று அளந்தேன். நான் கழித்த அதே அளவு.

என்ன செய்தேன் என்று கேட்பாய். அடுப்பில் இருந்த ரசத்தை இறக்கி வைத்தேன். திரும்ப வந்து ஐந்தையும் புதிதாகக் கணக்கிட்டேன். நான்கு வருஷ இடைவெளியில் எடுத்த ஐந்து பதிவுகள், அரை கிலோமீட்டருக்குள் ஒன்றாக நின்றன. மிக மெதுவாகச் சுற்றும் துணை ஒன்று இருந்தால் இதில் தெரியாது. அதையும் எழுதிவிட்டேன், நீ இருந்தால் எழுதச் சொல்லியிருப்பாய். ஆனால் நான் கண்டதாகச் சொன்ன ஆட்டம் கிடையாது. உன் பேரியத்தைப் பொய்யாக்கிய ஒரே ஆதாரம் கிடையாது.

மறுநாளே பேராசிரியரைக் கூப்பிட்டேன். பாலக்காட்டுக்காரர், நம்மிடம் பேசும்போது தமிழும் மலையாளமும் கலந்து வரும்.

“சுபா டீச்சரே, அந்தப் பேப்பரை இப்போ ஆரு வாசிக்கறது? அது அங்கனெ கெடக்கட்டே.”

“தப்பா கெடக்கு சார்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். குரலில் தாராளம். திருத்தக் குறிப்பு போடலாமாம்.

“ஆனா ஒரு காரியம் டீச்சர். ஃபர்ஸ்ட் ஆத்தர் வத்சலா. முதல் ஆத்தருக்கு வேகக் கணக்கில் பிழை வந்துட்டதுன்னு எழுதிடலாம். அவளுக்கு இனி ஒரு தோஷமும் வரப் போறதில்லல்லோ.”

“பிழை என்னோடது சார்.”

“நீங்க ஆத்தர் அல்லல்லோ. கடைசி வரியில நன்றி சொன்ன ஆள் மேல பிழை எழுதற வழக்கம் எங்கயும் இல்ல.”

“அப்போ நாம ஆரம்பிச்சு வெப்போம்.”

பேரியம் என்ன ஆகும் என்று கேட்டேன். அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம், கையால் வரைந்த கோடுதானே என்றார். டீச்சர் ரொம்ப உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார், ஆறட்டும் என்றும் சொன்னார்.

ஆறவில்லை. யோசித்துப் பார், வத்சு. இத்தனை வருஷம் உன் சரியான அளவை என் தப்பான எண்ணால் அடித்து வைத்திருந்தார்கள். இப்போது அந்தத் தப்பையும் உன் பேரிலேயே எழுதி முடிக்கப் பார்க்கிறார்கள். உயிரோடு இருக்கும் இரண்டு பேருக்கும் அதில் சௌகரியம். எனக்கும் சௌகரியம் என்பதுதான் எரிச்சலாக இருந்தது. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், சரி என்று சொல்லிவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. உன்னிடம் மறைக்க மாட்டேன்.

உன் அண்ணாவிடம் சொன்னேன். செய்தித்தாளை மடித்துக்கொண்டே கேட்டார்.

“விடு சுபா. போனவ போயாச்சு. யார் பேர்ல எழுதினா என்ன, அவளுக்குத் தெரியப் போறதா?”

“தெரியாதுங்கறதாலதான். தெரிஞ்சா அவளே சண்டை போட்டுப்பாளே.”

“காலேஜ்ல உன்னைப் பத்தி என்ன சொல்லுவா, யோசிச்சியா?”

“கழிக்கத் தெரியாத கணக்கு டீச்சர்னு சொல்லுவா. சொல்லட்டும். ஒரு தரம் அதிகமா கழிச்சதுதான் என் குத்தம்னு திருத்திச் சொல்றேன்.”

அவர் சிரிக்கவில்லை. எழுந்து குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் உட்கார்ந்து எழுதினேன். எந்தப் பதிவில் என்ன செய்தேன், காற்றுக் கோடுகள் எங்கே நின்றன, எல்லாவற்றையும் படிப்படியாக. நீ ஐந்து தடவை வரைந்த மேல்மட்டக் கோடுகள் தேதியோடு உன் லேப்டாப்பில் இருந்தன, அவற்றையும் சேர்த்தேன். முடிவில் இப்படி: ‘வேக அட்டவணையில் உள்ள பிழையைச் செய்தவர் நன்றியுரையில் குறிப்பிடப்பட்டவர், மறைந்த முதல் ஆசிரியர் அல்லர். சரிபார்த்தீர்களா என்று முதல் ஆசிரியர் கேட்டபோது, சரிபார்க்காமலே ஆம் என்று சொன்னவரும் அவரே. பேரியம் குறித்து முதல் ஆசிரியர் கண்ட அளவை மறுக்க இனி ஆதாரம் எதுவும் இல்லை.’

உன் அண்ணா திரும்பி வந்தார். முண்டு நுனி நனைந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையில் முழுதும் படித்தார். ‘மறைந்த’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார்.

“இது எதுக்கு?”

“வழக்கம். எல்லாரும் போடறதுதான்.”

“தப்பு பண்ணினது அவ இல்லைன்னு சொல்ற எடத்துல அவ செத்துப்போனதை எதுக்குச் சொல்லணும்? செத்துட்டாளேன்னு பாவம் பார்த்து நம்பணுமா? எடுத்துடு.”

எடுத்துவிட்டேன். இப்போது அந்த வாக்கியத்தில் நீ வெறும் முதல் ஆசிரியர். உன் அண்ணா சமையலறைக்குப் போய்த் தானே காப்பி கலந்தார். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் மூன்று டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பேராசிரியர் கையெழுத்துப் போட மாட்டார் என்று தெரியும். பத்திரிகைக்கு நானே அனுப்பினேன். அவர்கள் படிவத்தில் ஒரு கேள்வி: இந்தக் கட்டுரைக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு? ஆசிரியர், மதிப்பீட்டாளர், வாசகர், மற்றவை. ‘மற்றவை’யைத் தொட்டதும் விளக்கச் சொல்லி ஒரு பெட்டி திறந்தது. ‘முதல் ஆசிரியரின் அண்ணன் மனைவி. பிழையைச் செய்தவள்’ என்று எழுதினேன். இதைவிடச் சுருக்கமாக என்னைப் பற்றி நான் எங்கும் எழுதியதில்லை.

பதில் வந்திருக்கிறது. பரிசீலிக்கிறார்களாம், மற்ற ஆசிரியரின் கருத்தைக் கேட்பார்களாம். அவர் என்ன சொல்வார் என்று உனக்கும் எனக்கும் தெரியும். பரிசீலித்து, வழக்கம் இல்லை என்று அவர்களும் மூடிவிடலாம். அதனால்தான் இந்தத் திறந்த கடிதம். அங்கே என் பேரைப் போட அவர்களுக்கு வழி இல்லாமல் போனாலும் இங்கே போட யாருடைய அனுமதியும் எனக்கு வேண்டாம். உன் கூட்டத்துக்கு வந்தவர்களில் பலர் இதைப் படிப்பார்கள். அன்று வடையோடு முழுங்கியதை இன்று சொல்லிவிட்டேன். அந்த நட்சத்திரத்தின் கார்பன் துணை கொடுத்தது என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. அதைக் கண்டது வத்சலா. எவரும் காட்டிய வழியில் அல்ல. எல்லோரும் வேண்டாம் என்ற கையால் வரைந்து.

உன் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இன்னும் ஏழு நட்சத்திரங்களின் பட்டியல் இருக்கிறது. இரண்டாவதை எடுத்திருக்கிறேன். மேல்மட்டக் கோட்டைக் கையால் வரையப் பழகுகிறேன். முதல் நாள் வரைந்தது ஆஸ்பத்திரியில் எடுக்கும் இசிஜி மாதிரி இருந்தது. மறுநாள், நேற்றையதைப் பார்க்காமல் வரைந்தேன். அது இன்னும் மோசம். இரண்டையும் அழித்துவிட்டேன். ஐந்து கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும் வரை அழித்துக்கொண்டே இருப்பேன். ஏழும் முடியும் வரை, பேர் எந்த வரியில் வந்தாலும் வராவிட்டாலும், இந்த மேஜையை விட்டு எழுந்திருக்க மாட்டேன். இது உனக்குச் சத்தியம்.

நீ அன்று கேட்ட கேள்விக்கு நான் இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. காற்றுக் கோடுகள் பார்த்தேளா என்று கேட்டாய்.

பார்த்தேன், வத்சு. ஐந்திலும் பார்த்தேன்.

உன் மன்னி,
சுபா